தவரத்தினம் சொன்ன கருடன்

பாரிசில் எங்கடை ஆட்கள் கூடுகிற லா சப்பலில் தவரத்தினம் ஒரு விசயம் சொன்னால் அதில் பாதியைக் கழித்துவிட்டு, மிச்சத்தையும் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்வோம். 'புளுகுத் தவம்' என்ற பட்டத்தை அவனுக்கு வைத்தது யாரென்று தெரியாது. ஆனால் அது வடிவாக ஒட்டிக்கொண்டது. ஊரிலிருந்து நேற்று வந்து இறங்கியவன்கூட அவனிடமே வந்து, "இஞ்சை புளுகுத் தவம் எண்டொரு அண்ணை இருக்கிறாராம், எங்கை?" என்று கேட்பான். இவன் கோபிக்கமாட்டான். "அது நான்தான். வாரும், தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு கதைப்பம்" என்பான்.

எண்பத்திமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு கிழக்கு பேர்லின் வழியாக வந்தவன். மனைவி கௌரி வந்து சேரும்வரை என்னோடும் இன்னும் ஆறு பேரோடும் ஓர் அறையில் கிடந்தவன். நெஞ்சை நிமிர்த்தித்தான் நடப்பான். 'தெரியாது' என்ற சொல் அவனுடைய வாயில் வந்ததே இல்லை. விசா அலுவலுக்குப் பிரெபெக்தூருக்கு எந்த பஸ் என்று கேட்டால் உடனே ஒரு நம்பர் சொல்வான். அந்த பஸ் வேறெங்கோ போகும். திரும்பி வந்து சண்டை பிடித்தால், "நேற்றுவரைக்கும் அங்கைதான் போனது" என்பான். எனக்கு அவன்மீது எரிச்சலும் இருந்தது, பிரியமும் இருந்தது. எரிச்சல் காலையில், பிரியம் மாலையில்.

கார் து நோர் ஸ்டேசனுக்கு எதிரே இருந்த ஒரு பெரிய உணவகத்தில் அவனுக்குப் பாத்திரம் கழுவும் வேலை. ஊருக்கு எழுதும்போது 'தண்ணீர்ப் பகுதிக்குப் பொறுப்பு' என்று எழுதியிருந்தான். கௌரி வந்த இரண்டாம் கிழமை, கணவன் பொறுப்பாக இருக்கும் பகுதியைப் பார்க்கவேண்டும் என்று நேரே குசினிக்குள் போய்விட்டாள். முழங்கை வரை சவர்க்கார நுரையோடு நின்றான் இவன். கௌரி அழவுமில்லை, ஏசவுமில்லை. "தண்ணி ஊத்தையாக் கிடக்கு, மாத்துங்கோ" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அன்றிலிருந்து அவன் மழை பெய்கிறது என்று சொன்னாலும் யன்னலைத் திறந்து கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடையை எடுப்பாள்.

இவ்வளவு புளுகனுக்கும் பொய் சொல்லாத இடம் ஒன்று இருந்தது. அது பாரிசில் இல்லை. வடக்கே, அமியான் நகரைத் தாண்டி, பெயர்ப்பலகை சாய்ந்து நின்ற ஒரு சின்ன ஸ்டேசனில் இறங்கிப் போகவேண்டிய ஒரு தோட்டத்தில் இருந்தது.

பனிக்காலத்தில் லீவு நாட்களில் நாங்கள் நாலைந்து பேர் அங்கே அந்தீவ் முறிக்கப் போவோம். வெளிச்சம் படாத கொட்டிலுக்குள் கிழங்கிலிருந்து வெள்ளை வெளேரென்று கிளம்புகிற குருத்து அது. ஒவ்வொன்றாக முறித்து, வெளியிலையைக் கழித்துப் பெட்டியில் அடுக்கவேண்டும். விரல்கள் விறைத்து, அவை நம்முடையவைதானா என்று சந்தேகம் வந்துவிடும். தோட்டக்காரி மதாம் மதலேன். ஐம்பதைத் தொடாத விதவை. கை தாராளம், வாய் கொஞ்சம் பொல்லாதது. அவருக்கு ஒரு விசர் இருந்தது. மாசி பிறந்துவிட்டால் எந்தப் பறவை முதலில் வந்தது என்று பார்க்காமல் இருக்கமாட்டார். தேநீர் வேளையில் தூரக்கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தோட்டத்து வாசல் படலையடியில் போய் நின்றுவிடுவார்.

தவரத்தினம் அவரோடு போய் நிற்கத் தொடங்கியது, சத்தியமாக, வேலைக்குக் கள்ளமடிக்கத்தான். ஆனால் ஒருநாள் உழுத வயலில் கொண்டை வைத்த பறவைக் கூட்டம் ஒன்று வந்து இறங்கியது. மதலேன் 'வனோ, வனோ' என்று கையைத் தட்டினார். இவன் பார்த்துவிட்டு எங்களிடம் ஓடிவந்தான்.

"டேய், எங்கடை ஆட்காட்டியின்ரை சொந்தக்காரர் வந்து நிக்கினம்! கொண்டையும் வைச்சு, பச்சைக் கோட்டும் போட்டு!"

அதோடு அவனையும் அந்த விசர் பிடித்துவிட்டது. இருவரும் பந்தயம் கட்டத் தொடங்கினார்கள். வானம்பாடியை, நாரைக் கூட்டத்தை, தகைவிலான் குருவியை, யார் அந்த வருடம் முதலில் காண்கிறாரோ அவருடைய கடைசிப் பெட்டியை மற்றவர் அடுக்கிக் கொடுக்கவேண்டும். சாட்சி வேண்டாம். 'கண்டேன்' என்ற ஒரு சொல் போதும். தவரத்தினம் 'கண்டேன்' என்றால் மதலேன் ஒரு கேள்வி கேட்காமல் குனிந்து அவனுடைய பெட்டியை அடுக்குவார். லா சப்பலில் அவனுக்கு இருந்த பட்டம் அவருக்குத் தெரியாதல்லவா? இந்த நாட்டில் அவனுடைய சொல்லைத் தட்டிப் பார்க்காமல் வாங்கிக்கொண்ட முதல் ஆள் அவர்தான். அந்த மரியாதை அவனுக்கு ருசித்துவிட்டது. மற்ற எல்லாவற்றிலும் புளுகினான். பறவையில் மட்டும் ஓர் இறகைக்கூடக் கூட்டிச் சொன்னதில்லை. எத்தனையோ நாள் அவனே தோற்று, மதலேனுடைய பெட்டியை முணுமுணுத்துக்கொண்டு அடுக்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அறைக்குத் திரும்பி வந்து, "இண்டைக்கு நாரைக் கூட்டம் கண்டன். வானம் முழுக்கக் கத்திக்கொண்டு வடக்கை போகுது" என்று சொன்னால் நாங்கள் சும்மா விடுவோமா? "நாரையோ அண்ணை, ஏறோப்பிளேனோ?" என்று ஒருவன் தொடங்கினால் அடுப்படிவரை சிரிப்புத்தான். மற்றப் பகிடிக்கெல்லாம் கூடச் சிரிப்பவன் இதற்கு மட்டும் முகம் கறுத்துப்போவான்.

"மற்றதுகளுக்குச் சிரியுங்கோ, அது ஞாயம். கண்ணாலை கண்டதைச் சொன்னாலும் சிரிக்கிறியளே" என்று ஒருநாள் சொன்னான். அப்போதும் சிரித்தோம்.

இப்படியிருக்க, எண்பத்தாறாம் ஆண்டுக் கடைசியில் பிள்ளையாருக்கு வீட்டுப் பிரச்சினை வந்தது. ஊரில் தபாலதிபராக இருந்த ஞானரட்ணத்தார்தான் எங்களுக்குத் தலைவர். அவருடைய மூன்றாம் மாடி வீட்டில்தான் பிள்ளையாரை வைத்துக் கும்பிட்டு வந்தோம். கார்த்திகையில் ஓமம் வளர்த்தபோது புகையைக் கண்ட கீழ்வீட்டுக்காரி பொம்பியேக்கு, அதுதான் தீயணைப்புப் படைக்கு, போன் அடித்துவிட்டாள். அவர்கள் கோடரியும் குழாயுமாக வந்து, ஓமத்தை மட்டுமல்ல, பட்டு வேட்டி உடுத்திருந்த ஞானரட்ணத்தாரையும் நனைத்துவிட்டுப் போனார்கள். வீட்டுக்காரன் ஒன்றில் யானை போகவேண்டும், அல்லது நீங்கள் போகவேண்டும் என்றுவிட்டான். பாரிசில் ஒருவரும் இடம் தரவில்லை.

"மதலேனின்ரை பழைய பீற்றூட் கொட்டில் சும்மாதான் கிடக்கு. கேட்டால் தருவா" என்றான் தவரத்தினம். இதுவும் புளுகுதான் என்று நினைத்தோம். ஆனால் அடுத்த ஞாயிறு மதலேன் திறப்போடு வந்து நின்றார். எலி அந்தக் கடவுளுக்கு வாகனம் என்று இவன் விளங்கப்படுத்தியபோது, "அப்படியானால் என் கொட்டிலில் அவருக்கு வாகனப் பஞ்சம் வராது" என்றார்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கும்பாபிசேகம் என்று நாள் வைத்தாயிற்று. லண்டனிலிருந்து ஒரு குருக்களை அழைத்தோம். ஆள் மெலிவு, ஆனால் சாத்திரத்தில் ஒரு மயிரிழை விடமாட்டார். ஞானரட்ணத்தார் வீட்டில் கூட்டம் நடந்தபோது அவர்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"கும்பம் சரிக்கிற நேரம் மேலை கருடன் வட்டமிட வேணும். ஊரிலை எண்டால் நாங்கள் கேக்கத் தேவையில்லை, அது தன்ரை பாட்டிலை வரும். இஞ்சை என்ன செய்யப் போறியள்?"

ஞானரட்ணத்தார் தொண்டையைச் செருமினார். "படம் ஒண்டு கீறி முகட்டிலை ஒட்டினால் என்ன?"

தவரத்தினம் எழும்பிவிட்டான். "படம் வேண்டாம். கருடன் வரும்."

அறை கொல்லென்று சிரித்தது. அவன் சிரிப்பு அடங்கும்வரை நின்றான். பிறகு குருக்களைப் பார்த்து மட்டும் சொன்னான். மிலான் என்று ஒரு பருந்து இருக்கிறது. சிவந்த உடம்பு, வெளிறிய தலை. வால் மட்டும் நடுவில் பிளந்திருக்கும். பங்குனியில் தெற்கிலிருந்து கிளம்பி மதலேனுடைய வயலுக்கு மேலாகத்தான் போகும்.

"கருடனுக்கு வால் பிளக்கிறேல்லை" என்றார் ஞானரட்ணத்தார்.

குருக்கள் கண்ணை மூடி யோசித்தார். "செம்மேனி, வெண்டலை. வால் எப்பிடியும் இருக்கட்டும். அது வந்தால் நான் கருடனாக எடுக்கிறன். ஆனால் அதுதான் எண்டு கண்டவர் நீர்தான் சொல்லவேணும்."

"வராட்டில்?" ஞானரட்ணத்தார் விடவில்லை.

"வராட்டில் இனி நான் சொல்லுற ஒண்டையும் நம்பவேண்டாம்."

"இப்ப மட்டும் ஆர் நம்பினது?" என்று மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. மறுபடியும் சிரிப்பு. தேத்தண்ணித் தட்டோடு நின்ற கௌரி தலையைக் குனிந்துகொண்டாள். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அவள் ஒரேயொரு கேள்வி கேட்டாளாம், "உண்மையாக் கண்டனியளோ?" என்று. "போன பங்குனியும் கண்டனான், அதுக்கு முதல் பங்குனியும் கண்டனான்" என்றானாம். நம்பவும் முடியாமல், நம்பாமல் விடவும் முடியாமல் அவள் பட்ட பாடு எனக்கு விளங்கியது.

தவரத்தினம் பறவையை மட்டும் நம்பிச் சும்மா இருக்கவில்லை. புது உழவு கண்டால் புழுவும் எலியும் தேடிப் பருந்து இறங்கும் என்பது அவனுக்குத் தெரியும். பக்கத்து வயல்காரனிடம் போய், அந்த ஞாயிறு காலை உழும்படி கேட்டான். அவனோ ஞாயிற்றுக்கிழமை மெசினைத் தொடாத கத்தோலிக்கன். "உழவுச் சத்தம் கேட்டால்தான் எங்கள் சாமி கண் திறக்கும்" என்று ஒரு புளுகை அவிழ்த்துவிட்டான் இவன். வயல்காரன் சிலுவை போட்டுக்கொண்டு சம்மதித்தான்.

அந்த ஞாயிறு விடிய வெளிக்கிட்ட ரெயிலில் ஒரு பெட்டி முழுக்க எங்களுடைய ஆட்கள்தான். பட்டுச்சேலைக்கு மேலே கம்பளிக் கோட்டு, கோட்டுக்கு மேலே சால்வை, மடியில் பொங்கல் கிடாரம். வயல்வெளியில் காற்று முகத்தில் அறைந்தது. வேலியோர முள்மரங்கள் இலை விடாமலே வெள்ளையாகப் பூத்திருந்தன. பக்கத்து வயலில் உழவு மெசின் ஓடிக்கொண்டிருந்தது. கொட்டில் வாசலில் மாவிலைக்குப் பதிலாக வேறு ஏதோ இலைத் தோரணம். நாதசுவரம் கசெற்றில் முழங்கியது. முகட்டில் செம்புக் கலசம் வைத்து, அதற்கு ஏணியும் சாத்தியிருந்தோம்.

பூசை முடிந்து, குருக்கள் கும்பத்தைத் தலையில் வைத்துக் கொட்டிலைச் சுற்றிவந்து ஏணியில் ஏறினார். மேலுக்கு ஒரு சால்வைகூட இல்லை. அந்தக் குளிரில் அவர் நடுங்கியதைப் பார்க்க எங்களுக்கே பல் அடித்தது. முகூர்த்தம் முடிய அதிக நேரம் இருக்கவில்லை. எல்லோரும் வானத்தைப் பார்த்தோம். வானம்பாடிகள் கத்தின. மெசினுக்குப் பின்னால் காகங்கள் கத்தின. படலையடியில் தவரத்தினம் மதலேனுடைய தூரக்கண்ணாடியோடு அசையாமல் நின்றான். நானும் மதலேனும் அவனுக்குப் பக்கத்தில் நின்றோம்.

அப்போதுதான் உழவு வயலுக்கு மேலே ஒரு பெரிய பறவை எழும்பியது. சிறகை விரித்தபடி, ஒரு தடவைகூட அடிக்காமல் வட்டம் போட்டது. வட்டம் மெல்ல மெல்ல எங்கள் பக்கம் நகர்ந்து கொட்டிலுக்கு நேர் மேலே வந்தது.

"அரோகரா!" என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான். பெண்கள் கைகூப்பினார்கள். கசெற்றின் சத்தத்தைக் கூட்டிவிட்டார்கள். ஞானரட்ணத்தாருக்குக் கண்ணீர் வழிந்தது. "வந்திட்டார்! பிள்ளையாரே, வந்திட்டார்!" எனக்கும் மயிர் சிலிர்த்தது. எனக்கு அது கருடனேதான்.

குருக்கள் கும்பத்தைச் சரிக்கக் கையை உயர்த்தினார். உயர்த்திய கையோடு, சொன்ன சொல் தவறாமல், ஏணியிலிருந்து கேட்டார். "தவரத்தினம், அதுவோ?"

ஒரு 'ஓம்' போதும். அந்த ஒரு சொல்லோடு லா சப்பலில் அவனுடைய பட்டம் அழிந்துபோகும். வேறு பட்டம், கருடனை வரவழைத்தவன் என்ற பட்டம், சாகும்வரை நிற்கும். நான் அவனுடைய விலாவில் இடித்தேன். "ஓம் எண்டு சொல்லடா." கௌரி கூட்டத்துக்குள்ளிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கண்ணாடியை இறக்கினான்.

"இல்லை ஐயா" என்றான். "இது பூஸ். வருசம் முழுக்க இஞ்சையே கிடக்கிற பருந்து. மேல் மண்ணிறம். தலையும் வெள்ளையில்லை."

அரோகரா பாதியில் நின்றது. கசெற் மட்டும் பாடியது. ஞானரட்ணத்தார் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படலையடிக்கு வந்தார்.

"வால் பிளந்ததைக் கருடன் எண்டாய். சரியெண்டம். இப்ப வால் பிளக்காத ஒண்டு வந்து வட்டமிடுது, அதைக் கருடன் இல்லை எண்டுறாய்!"

"நான் சொன்னது இதில்லை அண்ணை."

"எத்தினை வருசமா நாங்கள் வேண்டாம், வேண்டாமெண்ணப் புளுகினனி! இண்டைக்கு ஒரேயொரு பொய் எங்களுக்குத் தேவைப்பட்டுது. அதுக்கு மட்டும் உன்னட்டைப் பஞ்சமோ?"

"வேறை என்ன வேணுமெண்டாலும் சொல்லுறன் அண்ணை. இதிலை மட்டும் கேக்காதேங்கோ."

பறவை காட்டுப்பக்கம் போய் மறைந்தது. குருக்கள் பல் கிடுகிடுக்க இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். வானம் வெறுமையாகவே இருந்தது. கடைசியில், "நேரம் முடியப் போகுது. பொய்க் கருடனை வைச்சுச் செய்யிறதிலும், இல்லாமல் செய்யிறது நல்லது. எல்லாரும் மனசிலை நினைச்சுக்கொள்ளுங்கோ" என்று கும்பத்தைச் சரித்தார். அரோகரா சொன்னோம். அதில் உயிர் இல்லை.

அந்தீவ் கொட்டிலுக்குள் அன்னதானம் நடந்தது. தவரத்தினம் உள்ளே வரவில்லை. "இனி அவர் சொல்லுற ஒண்டையும் நம்பவேண்டாமாம்" என்று ஒருவன் பகிடி விட்டான். வழக்கம்போலச் சிரிப்பு கிளம்பவில்லை. பொய் சொல்லாததற்காக ஒரு மனிசனைப் புளுகன் என்று சொல்ல முடியுமா என்று குழம்பிக்கொண்டிருந்தேன். மற்றவர்களும் அதைத்தான் மென்றுகொண்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன். ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கௌரி ஒரு கோப்பையில் சோறு போட்டுக்கொண்டு படலையடிக்குப் போனாள். கொஞ்சம் தயிர் எடுத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன்.

"அது கருடன் இல்லையெண்டு உங்களுக்கு மட்டுந்தானே தெரியும்?" என்று கேட்டாள்.

"மதலேனுக்கும் தெரியும்."

"அவ சொல்லியிருக்கமாட்டா."

"மாட்டா."

அவள் அவனுடைய முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். "சாப்பிடுங்கோப்பா, ஆறுது" என்று கோப்பையை நீட்டினாள். அவன் வாங்கவில்லை. அவனுடைய பார்வை தெற்குப் பக்கம் போயிருந்தது. தூரக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் வைத்தான். எனக்கு ஒரு கறுப்புப் புள்ளிதான் தெரிந்தது. அவன் அவசரப்படவில்லை. அந்தப் புள்ளி வயலைக் கடந்து, உழவுக்கு மேலே வந்து, வெயிலில் ஒருமுறை சரிந்து திரும்பும்வரை பொறுத்தான். பிறகு கத்தாமல், பக்கத்தில் நிற்பவருக்குச் சொல்வதுபோலச் சொன்னான்.

"வந்திட்டுது."

கௌரி வானத்தை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. கோப்பையை என் கையில் திணித்துவிட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொட்டில் வாசலுக்கு ஓடினாள்.

"எல்லாரும் வாங்கோ, கருடன் வந்திட்டுது!"

"ஆர் சொன்னது?" என்று உள்ளேயிருந்து ஞானரட்ணத்தாருடைய குரல் கேட்டது.

"இவர் சொல்லுறார்!"

பிறகு வாங்குகள் சரிந்து விழுகிற சத்தம். கையில் சோற்றோடும், வாயில் சோற்றோடும், இலையைப் பிடித்தபடியும் அத்தனை பேரும் வெளியே ஓடிவந்தார்கள். குருக்கள் கம்பளியைப் போர்த்துக்கொண்டு வந்தார். கடைசியாக ஞானரட்ணத்தார் வந்தார். அவசரத்தில் மூக்குக்கண்ணாடியை உள்ளேயே விட்டுவிட்டார். அது இல்லாவிட்டால் அவருக்கு எதிரே நிற்கும் ஏணியும் தெரியாது. கையைக் கண்ணுக்குமேல் பிடித்து வானமெங்கும் தேடிவிட்டுத் தவரத்தினத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அதுதானோ?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை."

ஞானரட்ணத்தார் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. சோறு ஒட்டிய கையோடு வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.